டோலியில் இருப்பவரும் சரி சொல்ல வேண்டும்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து சில நாள் கழித்து எனக்கே புரியாது. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றும் சந்தேகம் உண்டு. கல்லூரிக்குப் போகும் என் மகள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பதாகச் சொன்னாள். எழுத்தை மட்டும் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

சதுரகிரி மலையில் இப்போது டோலி தூக்கும் தம்பிமார் என்னை எழுதச் சொல்லவில்லை. "அண்ணே, டோலியில இருக்கவங்களும் எதுக்குச் சரி சொல்லணும்னு நீங்க போன்ல பேசி அனுப்புங்க, நாங்க கேட்டுக்கிடுதோம்" என்றார்கள். போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். மூன்று தடவை முயன்றேன். மூன்றிலும் இருமல்தான் பதிவாகியிருந்தது. சுவரைப் பார்த்துப் பேசக்கூட எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் செட்டியார்பட்டி. சாதாரண நாட்களில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது, யாரும் நம்மைப் பேசச் சொல்லவும் மாட்டார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மலை திறக்கும் நாட்களில் மட்டும் விடியற்காலை பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போவேன். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்து மகாலிங்கம் கோயில் வரை தூக்கிக்கொண்டு போய், தரிசனம் முடிந்ததும் கீழே கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடம் செய்தேன். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு விழுந்திருக்கிறது. முழங்காலும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்த வருடம் நிறுத்திக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் என்னை ஆள் தூக்க விடவில்லை. அன்னதானத்துக்குப் போகும் அரிசி மூட்டைதான் சுமந்தேன். அரிசி சிந்தினால் அள்ளிவிடலாம் என்றார் சங்கையா அண்ணன்.

சங்கையா அண்ணன்தான் எங்கள் டோலிக்குத் தலைவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைப்போலவே நல்ல உயரம். பேச்சு குறைவு, ஆனால் கூச்சம் கிடையாது. யாரிடமும் எடை கேட்க மாட்டார். வருகிறவர் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "குடிங்க, செத்த நேரம் ஒக்காருங்க" என்பார். அவர் உட்காரும்போது மூச்சு எப்படி வாங்குகிறது, தம்ளரைப் பிடித்த கை ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வார். கயிற்று முடிச்சு எல்லாவற்றையும் தானே போடுவார். போட்டுவிட்டு, "இப்போ நீ இழுத்துப் பாரு. நான் போட்டதை நானே பாத்தா எனக்கு நல்லதாத்தான் தெரியும்" என்று வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்வார்.

டோலி என்றால் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. கைப்பிடி உள்ள பிரம்பு நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் முற்றிய மூங்கில். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நாற்காலியில் இருப்பவரை இடுப்போடு சேர்த்து அகலமான துணிப் பட்டியால் கட்டுவோம். அந்தப் பட்டி எங்கள் தறியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை நாலாக மடித்து நான் தைத்தது. தோளுக்கு வைக்கும் திண்டும் அதே துணிதான்.

உயரமான இரண்டு பேர் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும். அப்போதுதான் நாற்காலி சமமாக இருக்கும். ஏறும்போது நானும் சங்கையா அண்ணனும் பின்னால் இருப்போம். இறங்கும்போது முன்னால் வந்துவிடுவோம். டோலியில் இருப்பவர் ஏறும்போதும் இறங்கும்போதும் மலையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது பள்ளத்தைப் பார்க்க வைத்தால் பயந்து முன்னால் சரிவார்கள். ஆக, இறங்கும்போது அவர் முகம் பின்னால் வரும் இருவருக்கும் நேராக இருக்கும். முன்னால் போகும் எங்களுக்கு அவர் முதுகுதான். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பின்னால் வருகிறவர்களுக்குத் தங்கள் கால் தெரியாது. நாற்காலி மறைத்துவிடும். முன்னால் இருப்பவர்தான் தரையைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கல் வந்தால் "கல்லு". பள்ளம் வந்தால் "குழி". மர வேர் வந்தால் "வேரு". ஈரப் பாறை வந்தால் "வழுக்கு". தோள் மாற்ற வேண்டுமென்றால் "மாத்து". ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் "சரி" என்று பதில் சொன்ன பிறகுதான் அடுத்த அடி. ஏறும்போது ஞானராஜ் கூப்பிடுவான். இறங்கும்போது சங்கையா அண்ணன்.

இதோடு அவர் இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். டோலியில் இருப்பவரும் சரி சொல்ல வேண்டும். பட்டியைக் கட்டியதும் அவர் எதிரில் குனிந்து, "நான் கல்லுன்னா நீங்களும் சரிங்கணும். சொல்லலேன்னா நான் நின்னுருவேன்" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் சரிக்குப் பதில் அரோகரா போடுவார்கள். அதற்கும் ஒத்துக்கொள்வார். பயந்தவர்களுக்குப் பொழுது போவதற்காக இப்படி ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார் என்றுதான் நான் வெகு காலம் நினைத்திருந்தேன். அவரும் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

புதிதாக வருகிறவனை ஒரு தடவை டோலியில் உட்காரவைத்துக் கீழே கொண்டுவருவது அவர் வழக்கம். என்னையும் உட்காரவைத்தார்கள். ஏறி வருகிற கூட்டம் முழுக்க எங்களைத் தாண்டியதும் திரும்பி என்னைப் பார்க்கிறது. நல்ல திடமான ஆள் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து வருகிறானே என்று ஒரு அம்மா, "இந்தத் தம்பிக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

"வாய் வரலம்மா, வேண்டுதலுக்குக் கூட்டிட்டு வந்தோம்" என்றான் ஞானராஜ்.

"அய்யோ பாவம். பொறவியிலேயா?"

"இல்லம்மா, பொண்ணு பாக்கப் போனதுலேர்ந்து."

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. ஞானராஜ் அப்படித்தான். சேத்தூர்ப் பக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான், அமாவாசைக்கு மலைக்கு வருவான். மேலே போனதும் நாங்கள் கும்பிடுவோம், அவன் வெளியே கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எத்தனை வருசமா வார, சாமி ஒன்னையப் பாத்துச்சா ஏலே?" என்று கேட்டால், "என் மூஞ்சிய பாத்துருக்க மாட்டாரு. தோளைப் பாத்துருப்பாரு" என்பான். அவனும் பால்ச்சாமியும் எங்கள் டோலியில் குட்டை ஜோடி.

இப்படிப் பல வருடம் ஓடியது. சங்கையா அண்ணன் பக்கத்தில் நின்று தோள் கொடுத்தேன், சரி சொன்னேன். நானாகக் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள் சங்கையா அண்ணன் தறிக்கே வந்து என்னை வெளியே அழைத்தார். "நாளைக்கு மச்சினன் வீட்டு விசேசம், நான் வரல. என் எடத்துக்கு ஒரு ஆள் சொல்லிருக்கேன். எறங்கும்போது நீ கூப்பிடு" என்றார்.

"ஞானராஜே கூப்பிடட்டுமே அண்ணே."

"அவன் பின்னால நின்னுக்கிட்டு எந்தக் கல்லைப் பாத்துக் கூப்பிடுவான்?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது கல்லு, குழி, வேரு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனதுக்குள் சரியாகத்தான் வந்தது.

மறுநாள் எங்களுக்குக் கிடைத்தவர் ராஜபாளையத்து அம்மா. ராமலட்சுமி என்று பெயர். அறுபதை நெருங்கிய வயது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். கூட வந்தவர் தம்பி. மோட்டார் பார்ட்ஸ் கடை முதலாளி. வெள்ளை வேட்டி, வாட்டசாட்டமான உடம்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அக்காவை "அக்கய்யா, அக்கய்யா" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை விசாரித்துக்கொண்டே வந்தார். நல்ல பாசக்காரர். அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. ஞானராஜ் "கல்லு" என்பான், அந்த அம்மா எங்கள் எல்லாருக்கும் முன்னால் "சரி" என்பார். பாதி வழியில், "ஏம்ப்பா, இந்த மலையில கல்லு இல்லாத எடத்தைச் சொன்னா சுருக்கமா முடிஞ்சிருமே" என்றார். பால்ச்சாமிக்குச் சிரிப்பில் தோள் ஆடியது.

மேலே கூட்டம். தரிசனம் முடிய வெகு நேரமாகிவிட்டது. சாமி கும்பிடும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான் என்று அந்த அம்மா விரதம். கும்பிட்ட பிறகும் இரண்டு வாய் கஞ்சியோடு எழுந்துவிட்டாராம். காலையில் வீட்டிலேயே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

இறங்க ஆரம்பித்தோம். நான் முன்னால் இடது பக்கம். வலது பக்கம் சங்கையா அண்ணனுக்குப் பதிலாக வந்த ஆள். பின்னால் ஞானராஜும் பால்ச்சாமியும். முதல் கல் வந்தது. "கல்லு" என்றேன். என் குரல் என் சட்டைக் காலரைத் தாண்டவில்லை.

"மாரி, கல்லுகிட்ட ரகசியம் பேசாத. எங்ககிட்ட சொல்லு" என்றான் பின்னால் இருந்து ஞானராஜ்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அந்த அம்மாவும் சரி சொன்னார். எதிரே ஏறி வருகிறவர்கள் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. முதுகில் வியர்வை சுமையால் வந்ததா கூச்சத்தால் வந்ததா என்று தெரியாது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. போகப் போக அந்த அம்மாவின் சரி மெதுவாகிக்கொண்டே வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். என் குரலைப் பற்றிய கவலையிலேயே நான் இருந்தேன்.

ஒரு ஊற்றைத் தாண்டியதும் தம்பிக்காரர் என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "அக்கா கண்ணசந்துட்டாங்க. ராத்திரி முழுக்கத் தூங்கல. கொஞ்ச நேரம் சத்தம் போடாம போங்கப்பா" என்றார்.

சங்கையா அண்ணனாக இருந்தால் நின்றிருப்பார். நான் நிற்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்றுதான் நிறுத்தினேன் என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. கூப்பிடாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பெரிய மனிதர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஞானராஜ் ஒரு தடவை "ஏலே மாரி" என்றான். தம்பிக்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா வெயிலுக்கு முந்தானையை முகம் வரை இழுத்துவிட்டிருந்ததால் எதிரில் இருந்த அவனுக்கும் அது தூக்கமாகவே தெரிந்திருக்கிறது, அவனும் அடங்கிவிட்டான். கல் வந்தால் நானும் பக்கத்து ஆளும் நடையை மெதுவாக்கினோம். அதை வைத்துப் பின்னால் இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நானாக முடிவு செய்தேன். அப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் போயிருப்போம்.

பாறையில் நீர் கசிகிற ஒரு திருப்பம். நான் கசிவைப் பார்த்துக் காலை அகட்டித் தாண்டினேன். வழுக்கு என்று சொல்லவில்லை. ஞானராஜ் நேராக அதில் போய்க் காலை வைத்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. முழங்கால் பாறையில் மோதிய சத்தம் மட்டும்தான். அவன் மூங்கிலை விடவில்லை. விழுந்தவன் அப்படியே ஒரு முழங்காலில் நின்று, தோளோடு மூங்கிலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டி பிடித்துக்கொண்டது. அந்த அம்மாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் கத்தவில்லை. பிடித்துக்கொள்ளக் கையும் தூக்கவில்லை.

தூங்குகிற ஆளாக இருந்தால் இதற்கு விழித்திருப்பார்.

டோலியை இறக்கிவைத்துவிட்டு ஓடிப் போய் முந்தானையை விலக்கி முகத்தைப் பார்த்தேன். நெற்றி, கழுத்து எல்லாம் வியர்வை. தொட்டால் சில்லென்று இருந்தது. "அக்கய்யா, ஏமய்யிந்தி? என்ன ஆச்சு? அக்கய்யா" என்று தம்பிக்காரர் கன்னத்தைத் தட்டினார். பதில் இல்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க" என்றான் ஞானராஜ். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். "எறங்காது, பொரையேறிரும். அவியளுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு. காலையில ஊசி போட்டாங்க."

"அப்போ சுகர் எறங்கிருச்சு. என் வீட்டுக்காரிக்கு ரெண்டு தடவை வந்திருக்கு. இனிப்பா என்ன வச்சிருக்கீங்க?"

தம்பிக்காரர் பையைக் கவிழ்த்தார். விபூதி, தேங்காய் மூடி, வாழைப்பழம், மலையில் வாங்கின தேன் பாட்டில், பேரீச்சம்பழப் பொட்டலம். ஞானராஜ் தேனைக் காட்டி, "மாரி, வெரல்ல தொட்டு கன்னத்துக்கு உள்பக்கம் தடவு. கொஞ்சங் கொஞ்சமா" என்றான்.

தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, தேனை விரலில் தொட்டுத் தொட்டுத் தடவினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாய்க்குள் என் விரல். வேறு நாளாக இருந்தால் கூச்சத்திலேயே செத்திருப்பேன். அன்று அந்த நினைப்பே இல்லை. போனில் சிக்னல் இல்லை. பால்ச்சாமி ஆம்புலன்சுக்குச் சொல்ல அடிவாரத்துக்கு ஓடிவிட்டான். தம்பிக்காரர் அக்காவின் கால் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தானே பேசாதன்னேன், நான்தானே சொன்னேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், என்னைப் பற்றி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாடை அசைந்தது. விரலைக் கடித்தார். அந்தக் கடியைப் போல நல்ல கடி என் வாழ்நாளில் பட்டதில்லை. கண் லேசாகத் திறந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. சர்க்கரை மறுபடியும் இறங்கினாலும் இறங்கும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான் ஞானராஜ். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறக்கம். பால்ச்சாமி போய்விட்டான். ஞானராஜ் எழுந்து நின்று பார்த்தான், முழங்கால் மடங்கவில்லை. தூக்க இரண்டு ஆள் குறைந்தது.

ஏறி வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவரை பால்ச்சாமி இடத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டோம். அவர் பையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். நாலாவது ஆள் யார் என்று பார்க்கும்போது தம்பிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஞானராஜின் மூங்கிலுக்கு அடியில் போய் நின்றார்.

"உங்களுக்குப் பழக்கம் இல்லீங்களே" என்றேன்.

"நீங்க சொல்லுங்க. நான் செய்யுதேன்."

பின்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் வழி தெரியாது, வேலையும் தெரியாது. இருந்தது என் வாய் ஒன்றுதான். அந்த அம்மாவின் எதிரில் போய்க் குனிந்து, சங்கையா அண்ணன் சொல்வதைச் சொன்னேன். "அம்மா, நான் கல்லுன்னா நீங்க சரிங்கணும். சொல்லலேன்னா நான் நின்னுருவேன்." அவர் என்னைப் பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

தூக்கினோம். முதல் கல் வந்தது. "கல்லு" என்று கூப்பிட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே ஏறிக்கொண்டிருந்த கூட்டம் விலகி வழி விட்டது. பின்னால் இருந்து "சரிங்க" என்றார் தம்பிக்காரர். அந்த அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. நின்றேன். மறுபடியும் "கல்லு" என்றேன். முனகலாக ஒரு சத்தம் வந்தது. அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அடி வைத்தேன்.

அதற்குப் பிறகு கல், குழி, வேர், வழுக்கு ஒன்றையும் விடவில்லை. கல் இல்லாத இடத்திலும் கூப்பிட்டேன். எனக்குக் கல்லைப் பற்றிக் கவலை இல்லை, அந்த ஒரு சரி வேண்டியிருந்தது. கொஞ்சங் கொஞ்சமாகச் சத்தம் தெளிந்து வந்தது. சங்கையா அண்ணன் ஏன் டோலியில் இருப்பவரைச் சரி சொல்ல வைக்கிறார் என்பது இறங்குகிற வழியில் எனக்கு விளங்கியது. முன்னால் போகிறவருக்கு அவர் முகம் தெரியாது. குரல்தான் முகம்.

நடுவில் ஒரு இடத்தில் "வேரு" என்றேன். பதில் வரவில்லை. நின்றேன். மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. பின்னால் இருந்து தம்பிக்காரர், "இருக்காங்க, இருக்காங்க, வாயில பேரீச்சம்பழம்" என்றார். நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்த ஞானராஜ்தான் கொடுத்திருக்கிறான். அந்த அம்மா மென்று விழுங்கிவிட்டு, "உன்னானப்பா, உன்னானு" என்றார். இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த ஒரு தெலுங்கு வார்த்தை எனக்கு அன்றிலிருந்து தெரியும்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே ஏற்றும்போது அந்த அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். தம்பிக்காரர் தோள் முழுக்கச் சிவந்து தோல் உரிந்திருந்தது. என் கையைப் பிடித்தார். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டார். இரண்டாம் நாள் ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

ஞானராஜைப் பஸ்சில் கூட்டிக்கொண்டு வரும்போது, "சங்கையா அண்ணன் கேட்டா பாறையில தண்ணி கசிஞ்சுது, வழுக்கிருச்சுன்னு சொல்லிருவோம். அது பொய்யும் இல்ல" என்றான். முழங்கால் வீங்கி இரண்டு பங்காக இருந்தது. இந்தக் காலோடு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

நான் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் சங்கையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "கூப்பிட வெக்கமா இருந்துச்சு அண்ணே. அவரு நிறுத்தச் சொன்னதும் சந்தோசமா நிறுத்திட்டேன். அதனாலதான் ஞானராஜ் கால் போச்சு. அந்தம்மாவும் போயிருப்பாக" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "ஞானராஜுக்கு எப்படி இருக்கு?"

"எலும்பு முறியல. ஜவ்வு கிழிஞ்சிருக்காம். மூணு மாசம்."

"மூணு மாசமும் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போகட்டும்" என்றார். பிறகு, "அடுத்த அமாவாசைக்கு வா. நீதான் கூப்பிடுத" என்றார்.

"நானா? நீங்க இருக்கும்போதா?"

"நான் ஒன் பக்கத்துலதான் நிக்கப் போறேன். எனக்குத் தொண்டை தேஞ்சு போச்சு. இனிமே நீ பதில் வராம ஒரு அடி வப்பியா?"

"வைக்க மாட்டேன்."

"அது போதும்."

மாட்டின் பக்கம் திரும்பிவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞானராஜ் ஐந்தாவது மாதம் திரும்பி வந்தான். அதற்குப் பிறகும் பல வருடம் தூக்கினான். மழை நாளில் மட்டும் முழங்கால் வலிக்கும். "மாரி குடுத்த ஞாபகம்" என்று எல்லாரிடமும் காட்டுவான். நான் பக்கத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லுவான்.

அடுத்த அமாவாசைக்கு வந்தவர் மதுரைப் பக்கம் ஒரு பெரிய காண்டிராக்டர். அழைத்து வந்தவர்களே நாலைந்து பேர். காலில் கட்டு. ஞானராஜ் இல்லாததால் ஏறும்போது முன்னால் நின்ற பால்ச்சாமி கூப்பிட்டான், அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஏற்றம்தானே, கூப்பிடுகிறவன் நான் இல்லையே என்று மனதைச் சமாளித்தேன். தரிசனம் முடிந்து இறங்க உட்காரவைத்துப் பட்டியைக் கட்டினேன். எதிரில் குனிந்தேன்.

"ஐயா, இறங்கும்போது நான் கல்லுன்னா நீங்களும் சரிங்கணும்."

"நான் எதுக்குய்யா சொல்லணும்? அது உங்க வேலை. பேசாமத் தூக்குங்க."

அவர் ஆட்கள் சிரித்தார்கள். கோயிலுக்கு முன்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். என் காது சூடானது. நான் சங்கையா அண்ணனைப் பார்த்தேன். அவர் மூங்கிலுக்குப் பக்கத்தில் தோளில் திண்டை வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலேன்னா தூக்க மாட்டோம் ஐயா" என்றேன்.

"என்னது?"

"நீங்க எனக்கு முதுகு காட்டித்தான் இருப்பீக. உங்களுக்கு உள்ள என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுத சரி ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அது இல்லாம நான் ஒரு அடி வைக்க மாட்டேன்."

குரல் நடுங்கியது. ஆனால் சத்தமாகத்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. காண்டிராக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் தூக்கினோம். நாலடியில் முதல் கல் இருந்தது.

"கல்லு" என்றேன்.

பக்கத்தில் சங்கையா அண்ணன் சரி என்றார். பின்னால் இருவரும் சரி என்றார்கள். நான் காலைத் தூக்காமல் நின்றேன்.

"சரிய்யா, சரி" என்றார் காண்டிராக்டர்.

நான் அடி எடுத்து வைத்தேன்.

மாரியப்பன்,
செட்டியார்பட்டி.
ஐப்பசி அமாவாசை கழிந்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை.